லேப்டாப் ‘ஆன் ஆகவில்லை’ என்றால்: கோளாறு எந்தக் கட்டத்தில் என்று கண்டறிவது எப்படி?

‘லேப்டாப் ஆன் ஆகவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது அது குறைந்தது நான்கு நிலைமைகளில் ஒன்றாக இருக்கலாம். பொத்தானை அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியாமல் இருக்கலாம். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கலாம். தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதற்கு மேல் நகராமல் இருக்கலாம். விண்டோஸ் ஏறத் தொடங்கிப் பாதியில் நீலத் திரையுடன் நின்றுபோகலாம். இவற்றின் காரணங்கள் வேறு, சோதிக்கும் முறைகள் வேறு, ஆகும் செலவும் வேறு. ஆனால் நான்குக்கும் சேர்த்து ஒரே மூன்று அறிவுரைகள்தாம் எங்கும் சொல்லப்படுகின்றன: பேட்டரியை மாற்றுங்கள், ரேமைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். மூன்றாவது அறிவுரை, சின்னமே தோன்றாத கணினிக்கு எந்த வகையிலும் உதவாது. அந்தக் கணினி விண்டோஸைத் தேடும் கட்டத்தையே எட்டவில்லை.

இந்தக் கட்டுரை வன்பொருள் கோளாறுகளை மட்டும் பேசுகிறது. வன்பொருள் என்பது கையால் தொடக்கூடிய பாகங்கள்: சார்ஜர், பேட்டரி, ரேம் (கணினி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்), சேமிப்பகம் (கோப்புகள் தங்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி), திரை, இவற்றையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு. பழுதுபார்த்துப் பழக்கம் இல்லாதவர்கூட, தம் கணினி எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதைக் கண்டுகொள்ள முடியும். அதைக் கண்டுகொள்ளாமல் பாகம் வாங்கக் கிளம்பினால், நன்றாக இருக்கும் பாகத்தையே மாற்ற நேரிடும்.

அறிகுறி ஒன்று, காரணம் பல

வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிணறு வற்றியிருக்கலாம், மோட்டார் ஓடாதிருக்கலாம், மேல்நிலைத் தொட்டி காலியாக இருக்கலாம், இடையில் ஒரு வால்வு மூடியிருக்கலாம், குழாயின் வாயே அடைத்திருக்கலாம். குழாயடியில் நிற்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மேலே ஏறித் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் காரணங்கள் விலகிவிடும். தொட்டி நிறைந்திருந்தால் கிணற்றைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் யோசிக்கவே வேண்டியதில்லை.

மடிக்கணினியும் வரிசைப்படியே உயிர்பெறுகிறது. முந்தைய படி முடிந்ததாக உறுதியானால்தான் அடுத்த படி தொடங்கும். ஒன்று தவறினால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் நடக்காது. ஆகவே வரிசையின் நடுவில் ஏதேனும் ஒரு படி நடந்துவிட்டது என்று தெரிந்தால், அதற்கு முன்னால் உள்ள பாகங்களைப் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பழுதுபார்ப்பவர்கள் முதலில் செய்வது இந்த நீக்கல்தான்.

பொத்தானை அழுத்தும் முன்பே நடப்பவை

மடிக்கணினியின் சார்ஜர், சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. மதர்போர்டு இதை அப்படியே எந்தச் சில்லுக்கும் கொடுப்பதில்லை. முதலில் இதிலிருந்து 5 வோல்ட், 3.3 வோல்ட் என்ற இரண்டு சிறிய மின்னழுத்தங்களை உருவாக்கிக்கொள்கிறது. சார்ஜரைச் செருகியிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், இவை இருந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சிறிய மின்சாரத்தில் விழித்திருப்பது எம்பெடட் கண்ட்ரோலர் எனப்படும் கட்டுப்பாட்டுச் சில்லு. பழுதுபார்ப்பவர்கள் இதைச் சுருக்கமாக இ.சி. என்பார்கள். பொத்தான் அழுத்தப்பட்டதா, மூடி திறந்திருக்கிறதா, பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது, விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பவற்றையெல்லாம் கவனிப்பது இதுதான். பலர் நினைப்பதுபோல் பவர் பட்டன் மின்விளக்கின் சுவிட்சைப் போல மின்சாரத்தைத் திறந்துவிடுவதில்லை, அது இ.சி.க்கு ஒரு கோரிக்கையை மட்டுமே அனுப்புகிறது. அந்தக் கோரிக்கையை ஏற்கும் நிலையில் இ.சி. இல்லாவிட்டால், எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

அழுத்திய பின் நடப்பவை

கோரிக்கை ஏற்கப்பட்டதும் ரேமுக்கும், கட்டளைகளை நிறைவேற்றும் முதன்மைச் சில்லான செயலிக்கும், பிற சில்லுகளுக்கும் தேவையான மின்னழுத்தங்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில், ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பப்படுகின்றன. செயலியின் மையப் பகுதிக்கு வேண்டியது ஏறத்தாழ 1 வோல்ட்தான். ஆனால் மிக அதிகமான ஆம்பியர். எல்லா மின்னழுத்தங்களும் சரியான அளவில் நிலைத்துவிட்டன என்ற சமிக்ஞை கிடைக்கும்வரை செயலி தடுத்து நிறுத்தப்பட்டிருக்கும். சமிக்ஞை கிடைத்ததும் தடை விலகுகிறது. செயலி தன் முதல் கட்டளையைத் தேடுகிறது.

அந்தக் கட்டளை ஹார்ட் டிஸ்கில் இல்லை. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட ஒரு சிறிய நினைவகச் சில்லில், ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரலாக அது இருக்கிறது. பழைய வழக்கப்படி இதைப் பயாஸ் என்றும், இன்றைய கணினிகளில் யுஇஎஃப்ஐ என்றும் சொல்கிறார்கள். ஃபர்ம்வேர் முதலில் ரேமைக் கண்டறிந்து பயன்படுத்தத் தயாராக்குகிறது. பிறகு கிராஃபிக்ஸ் பகுதியை இயக்கித் திரையில் சின்னத்தைக் காட்டுகிறது, விசைப்பலகையையும் சேமிப்பகத்தையும் தேடுகிறது. இந்தச் சுயபரிசோதனைக்குப் போஸ்ட் என்று பெயர். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இது இருந்தது. திரை இயங்குமுன் ஏற்படும் பிழையைப் பீப் ஒலிகளால் தெரிவிக்கும் வழக்கமும் அப்போதே இருந்தது.

போஸ்ட் முடிந்த பிறகுதான் சேமிப்பகத்திலிருந்து விண்டோஸோ லினக்ஸோ ஏற்றப்படுகிறது.

இதுவரை பார்த்த வரிசை இது: சார்ஜர் அல்லது பேட்டரி, நிலையான சிறு மின்னழுத்தங்கள், இ.சி., மற்ற மின்னழுத்தங்கள், செயலி, ஃபர்ம்வேர், ரேம், திரை, சேமிப்பகம், இறுதியில் இயங்குதளம். ஒரு கணினி எங்கே நின்றது என்று கேட்பது, இந்த வரிசையில் கடைசியாக நடந்த படி எது என்று கேட்பதுதான்.

எந்த விளக்கும் எரியாதபோது

ஒரு விளக்கும் எரியவில்லை, விசிறியும் அசையவில்லை என்றால் வரிசையின் தொடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ரேமையோ ஹார்ட் டிஸ்கையோ குறை சொல்வதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

சார்ஜரை வேறொரு பிளக்கில் செருகிப் பார்ப்பதும், அதே வோல்ட் அளவுள்ள வேறு சார்ஜரைப் பொருத்திப் பார்ப்பதும் முதல் வேலை. மல்டிமீட்டரில் 19 வோல்ட் காட்டுகிறது என்பதால் மட்டும் சார்ஜர் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. எதையும் இயக்காதபோது சரியான வோல்ட்டைக் காட்டிவிட்டு, கணினி மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும் சார்ஜர்கள் உண்டு. ஆகவே நன்றாக இயங்குவதாகத் தெரிந்த வேறொரு சார்ஜரைக் கொண்டு சோதிப்பதே நம்பத்தக்கது.

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கணினிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்தச் சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். கணினியும் சார்ஜரும் தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு ஒப்புக்கொண்ட பிறகே அது பெரும்பாலும் 20 வோல்ட் வரை உயரும். சிறிய கைபேசிச் சார்ஜர் வடிவத்தில் பொருந்தினாலும் பல மடிக்கணினிகளை எழுப்பாததற்கு இதுதான் காரணம். சரியான சார்ஜரும் 5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால், கேபிளிலோ, துளையிலோ, இந்தப் பேச்சுவார்த்தையை நடத்தும் சில்லிலோ கோளாறு இருக்கலாம். யுஎஸ்பி-சி மீட்டர் என்ற சிறு கருவியை இடையில் செருகினால் இந்த எண்ணை நேராகப் பார்க்கலாம்.

சார்ஜரில் ஒரு விளக்கு இருந்தால், அது சொல்லும் செய்தி மிக முக்கியமானது. சுவரில் செருகியபோது எரிந்த விளக்கு, கணினியில் செருகிய நொடியில் அணைந்துவிட்டால், கணினிக்குள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஷார்ட் என்பது மின்சாரம் செல்ல வேண்டிய பாதையை விட்டுக் குறுக்குவழியில் பெருமளவில் பாய்வது. சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைந்துபோகிறது. மதர்போர்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும் அரிசியைவிடச் சிறிய மின்தேக்கிகளில் ஒன்று பழுதானால்கூட இது நேரும். இந்த நிலையில் திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது நல்லதல்ல.

அடுத்தது, பரவலாகச் சொல்லப்படும் அந்தத் தந்திரம்: சார்ஜரையும் பேட்டரியையும் பிரித்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பார்ப்பது. இது சில நேரங்களில் உண்மையாகவே வேலை செய்கிறது. ‘கணினிக்குள் தேங்கிய நிலைமின்சாரம் வெளியேறுகிறது’ என்று இதற்குச் சொல்லப்படும் விளக்கம்தான் சரியில்லை. இ.சி.யும் ஒரு சிறு கணினிதான். அதுவும் ஏதேனும் ஒரு நிலையில் சிக்கிக்கொள்ளலாம். அதற்குச் செல்லும் மின்சாரம் முழுதும் நின்று, மின்தேக்கிகளில் மிச்சம் இருப்பதும் வடிந்த பிறகு, அது புதிதாகத் தொடங்குகிறது. பேட்டரி உள்ளே பொருத்தப்பட்ட கணினிகளில் பட்டனை மட்டும் நீண்ட நேரம் அழுத்துவதே மீட்டமைப்புக்கு வழி என்று தயாரிப்பாளர்கள் பலர் வகுத்துள்ளனர். எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

பேட்டரி உப்பியிருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கீழ்மூடி பிதுங்கியிருப்பதும் டச்பேட் மேலெழும்பியிருப்பதும் அதன் அடையாளங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதும், குத்துவதும், சார்ஜ் செய்வதும் தீப்பிடிக்கக் காரணமாகலாம். இதில் துணிச்சல் காட்ட ஒன்றுமில்லை.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

அதிகக் குழப்பம் நேர்வது இங்கேதான். கறுப்புத் திரைக்கு இரண்டு பொருள் இருக்கலாம்: கணினி நன்றாகவே இயங்குகிறது, படம் மட்டும் தெரியவில்லை; அல்லது கணினி போஸ்டைத் தாண்டவே இல்லை. முதலாவது திரை சார்ந்த கோளாறு. இரண்டாவது ரேம், செயலி, மதர்போர்டு சார்ந்தது. இரண்டையும் பிரித்தறியாமல் எந்தப் பாகத்தையும் தொடக் கூடாது.

பிரித்தறிவது கடினமும் அல்ல. இருட்டறையில் திரையின் மேல் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரை வேலை செய்கிறது, அதன் பின்னொளி மட்டும் எரியவில்லை என்று பொருள். பின்னொளி இல்லாத ஓஎல்இடி திரைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வெளித்திரை ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து ஓரிரு நிமிடம் பொறுங்கள். அதில் படம் வந்தால் மதர்போர்டு, செயலி, ரேம் ஆகிய எல்லாமே அந்த நிலைவரை சரியாக இருக்கின்றன. அப்போது சந்தேகம் திரைக்கும், கீல் வழியாகச் செல்லும் திரைக் கேபிளுக்கும் மட்டுமே. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் கேபிள் அது. மூடியின் கோணத்தை மாற்றும்போது படம் வந்து வந்து போனால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பதும் பயன் தரும். ஆம் எனில் கணினி ஓரளவு விழித்திருக்கிறது. மாடலுக்கு மாடல் இது வேறுபடுவதால், துணைச் சான்றாக மட்டும் இதைக் கொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. மூடி மூடப்பட்டதைக் கணினி ஒரு காந்த உணரியின் மூலம் அறிகிறது. காந்தப் பிடிப்புள்ள கைக்கடிகாரப் பட்டையோ, கைபேசி உறையோ, கீழே வைத்த இன்னொரு மடிக்கணினியோ அந்த உணரிக்கு அருகில் இருந்தால், மூடி மூடியிருக்கிறது என்று எண்ணிக் கணினி திரையை அணைத்துவிடும். எதையும் திறப்பதற்கு முன் மேசையைக் காலி செய்து பார்ப்பதற்குச் செலவில்லை.

வெளித்திரையிலும் படம் இல்லை, கேப்ஸ் லாக்கும் அசையவில்லை என்றால், போஸ்ட் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். அப்போது கணினியே பேசுகிறதா என்று கவனியுங்கள். பவர் விளக்கோ, பேட்டரி விளக்கோ, கேப்ஸ் லாக் விளக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னி, இடைவெளி விட்டு, மறுபடி அதே எண்ணிக்கையில் மின்னினால் அது ஒரு பிழைக் குறியீடு. பீப் ஒலிகளும் அப்படியே. இந்தக் குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. ஒன்றில் ரேமைக் குறிக்கும் எண்ணிக்கை இன்னொன்றில் செயலியைக் குறிக்கலாம். ஆகவே சரியான மாடலின் சேவைக் கையேட்டில் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். விளக்கு மின்னுவதைக் கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொண்டு பிறகு எண்ணுவது எளிது.

ரேமும் குறைந்தபட்ச இணைப்பும்

போஸ்ட் நிற்பதற்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ரேமும் ஒன்று என்பதால், ‘ரேமைக் கழற்றிப் போடு’ என்ற அறிவுரைக்கு இந்த இடத்தில் நியாயம் இருக்கிறது. ரேம் தகட்டின் தொடுமுனைகளில் படியும் மாசோ, சற்றே நெகிழ்ந்த பொருத்தமோ இணைப்பைக் கெடுக்கும். கணினியை அணைத்து, சார்ஜரை நீக்கி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் பிரித்த பிறகே இதைத் தொட வேண்டும். பேட்டரி இணைந்திருந்தால் மதர்போர்டில் எப்போதும் மின்சாரம் உண்டு. தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, உலர விட்டு, உறுதியாகப் பொருத்த வேண்டும். இரண்டு தகடுகள் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு துளையில், பிறகு மறுதுளையில், பிறகு மற்றத் தகட்டை என்று மாற்றி மாற்றிச் சோதித்தால், பழுது தகட்டிலா துளையிலா என்பது வெளிப்பட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: ரேமை மாற்றிய பிறகு வரும் முதல் தொடக்கத்தில், ஃபர்ம்வேர் புதிய ரேமுக்கு ஏற்றபடி தன் நேரக்கணக்குகளைச் சரிசெய்துகொள்ளும். குறிப்பாக டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். திரை கறுப்பாக இருப்பதைக் கண்டு பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைத்துவிடுவோர், நல்ல ரேமையே கெட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்தச் சோதனைக்கே வழியில்லை.

ரேமால் தீராவிட்டால் குறைந்தபட்ச இணைப்பு என்ற முறைக்கு வர வேண்டும். போஸ்ட் நடப்பதற்குச் சேமிப்பகமோ, வைஃபை அட்டையோ, யுஎஸ்பி கருவிகளோ, பேட்டரியோ தேவையில்லை. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுச் சார்ஜர், ஒரே ஒரு ரேம், மதர்போர்டு ஆகியவற்றுடன் மட்டும் இயக்கிப் பார்க்கலாம். சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் தொடங்க மறுக்கும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். சின்னம் தோன்றிவிட்டால், நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் மறுபடி நிற்கிறதோ அதுவே குற்றவாளி.

சேமிப்பகம் வரிசையின் கடைசியில் வருவதால் அது பழுதானாலும் சின்னம் தோன்றும் என்பது பொது விதி. விதிவிலக்கும் உண்டு: எஸ்எஸ்டி உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், அது பகிர்ந்துகொள்ளும் 3.3 வோல்ட் மின்னழுத்தத்தையே சரித்துவிட்டு, முழுக் கணினியையும் எழவிடாமல் செய்யலாம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் முறை இப்படிப்பட்ட விதிவிலக்குகளையும் பிடித்துவிடுகிறது.

சுருக்கமாக, கறுப்புத் திரை என்றால் முதல் கேள்வி ‘கணினி இயங்குகிறதா’ என்பது. இயங்கினால் திரையையும் கேபிளையும் பாருங்கள். இயங்காவிட்டால் விளக்குக் குறியீடு, ரேம், குறைந்தபட்ச இணைப்பு என்ற ஒழுங்கில் செல்லுங்கள்.

சின்னம் தோன்றிய பிறகு நின்றால்

இங்கே நிலைமை தெளிவானது. மின்சாரம், செயலி, ரேம், திரை எல்லாம் குறைந்தபட்சம் தொடங்கும் அளவுக்கு வேலை செய்கின்றன. தொடங்குவதற்கான கருவி எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தி திரையில் வந்தால், ஃபர்ம்வேர் அமைப்புக்குள் சென்று சேமிப்பகத்தின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே இல்லை என்றால் வன்பொருள் சிக்கல்: இணைப்பு நெகிழ்ந்திருக்கிறது, அல்லது டிஸ்க் பழுது. பெயர் இருந்தும் தொடங்கவில்லை என்றால், டிஸ்கில் உள்ள கோப்புகள் சிதைந்திருக்கலாம். மறுநிறுவலைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நீலத் திரையில் நின்றுபோகும் கணினியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே ரேம் சோதனை நிரல் ஒன்றை ஓட்டிப் பார்ப்பதும் தகும். ஹார்ட் டிஸ்கிலிருந்து சீரான இடைவெளியில் டக் டக் என்று ஒலி வந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளிருக்கும் தரவுக்குக் கேடு.

மதர்போர்டு என்று முடிவானால்

வேறு சார்ஜர், வேறு ரேம், குறைந்தபட்ச இணைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகும் கணினி எழவில்லை என்றால் எஞ்சுவது மதர்போர்டுதான். அப்போதும் முழுப் போர்டையும் மாற்றுவது ஒன்றே வழி என்று கொள்ள வேண்டாம். ஷார்ட் ஆன மின்தேக்கி, எரிந்த மின்வழங்கிச் சில்லு, நீர் பட்டு அரித்த தடம், சிதைந்த ஃபர்ம்வேர் ஆகியவற்றைச் சில்லு அளவில் பழுதுபார்ப்பவர்கள் சரிசெய்வது வழக்கம். செயலியோ கிராஃபிக்ஸ் சில்லோ பழுதானால்தான் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாமல் போகிறது. சில்லைச் சூடுபடுத்தியே சரிசெய்துவிடுவதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை; சூட்டில் உயிர்பெறும் சில்லு பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ மறுபடி அடங்கிவிடுகிறது.

கணினியை ஒப்படைக்கும்போது ‘ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எரிந்தது, எத்தனை முறை மின்னியது, வெளித்திரையில் படம் வந்ததா, கடைசியாக இயங்கியபோது நீர் சிந்தியதா, கீழே விழுந்ததா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். தரவு வேண்டுமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேமிப்பகம் தனியே கழற்றக்கூடியது என்றால், மதர்போர்டு செத்தாலும் அதை வேறொரு கணினியில் இணைத்துப் படித்துவிடலாம். விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் (தரவைப் பூட்டிவைக்கும் முறை) இருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்க வேண்டும். சேமிப்பகமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களில் தரவை எடுக்க வேண்டுமானால், அதை நகலெடுத்து முடிக்கும்வரையாவது அந்தப் பழைய போர்டையே இயக்கியாக வேண்டும் என்பதால், போர்டை மாற்றித் தரச் சம்மதிக்கும் முன் பழைய போர்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.